மோடம் வரை போய்ப் பார்த்த ஸ்டெல்லா

போன வியாழக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "ஸ்டெல்லா விடியக்காலையில போயிட்டா. தூக்கத்துலயே," என்றார். வெட்டச் சொன்ன மீனை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆங் மோ கியோ தேவாலயத்தில் நடந்த அவளுடைய இறுதிச் சடங்குக்குப் பழைய கணினி அறை நண்பர்கள் பலர் வந்திருந்தீர்கள். அன்று எனக்குப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகத் தட்டச்சர்களாகச் சேர்ந்தோம். சில ஆண்டுகளில் கணினி அறைக்கு அலமாரி உயரத்தில் சுவிட்ச் என்ற ஓர் இணைப்புப் பெட்டி வந்தது. கிளை அலுவலகங்களின் கணினித் திரைகள் எல்லாம் அதன் வழியாகத்தான் பெரிய கணினியோடு இணைந்திருந்தன. விசைப்பலகையில் கட்டளை தட்டி அந்த இணைப்புகளைச் சோதிக்கலாம். மதிய உணவு நேரங்களில் கையேட்டைப் படித்து, அந்த வேலையைக் கேட்டு வாங்கியவள் ஸ்டெல்லா.

ஒரு நாள் காலை துறைமுகக் கிடங்கின் திரைகள் அப்படியே நின்றுவிட்டன. மாலையில் கப்பல் புறப்பட வேண்டும். சரக்குப் பட்டியல் போய்ச் சேரவில்லை. சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட வேண்டும் என்றார் வெளியிலிருந்து வந்த பொறியாளர். அணைத்தால் எல்லாக் கிளைகளும் நின்றுபோகும். மேலாளரோ, கிடங்கு எழுத்தர் ஹமீதுதான் எதையோ கெடுத்துவிட்டார், அவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கத்தினார்.

"பத்து நிமிஷம் கொடுங்க சார். எதுவரைக்கும் போகுதுன்னு பாத்துட்டு சொல்றேன்," என்று ஸ்டெல்லா உட்கார்ந்தாள்.

ஒரு கட்டளை தட்டினால், தொலைபேசிக் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் மோடம் என்ற பெட்டி, நாம் அனுப்பும் எழுத்துகளை அப்படியே திருப்பி அனுப்பும். முதலில் எங்கள் பக்கத்து மோடம்: எழுத்துகள் திரும்பி வந்தன. அடுத்து கிடங்கின் மோடம். அங்கிருந்தும் ஒரு பிழையும் இல்லாமல் வந்தன. "சுவிட்சும் நல்லா இருக்கு, லைனும் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிடங்கிலிருந்த ஹமீதைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் தொடலக்கா!"

"தெரியும்லா. மோடத்துலேர்ந்து போற ஒயரைப் பாருங்க. நசுங்கியிருக்கா?"

சரக்கு வண்டியின் சக்கரம் ஏறி நசுங்கியிருந்தது. ஒயரை மாற்றினார்கள். கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது, ஹமீதின் வேலையும் தப்பியது. "பதில் வரலைன்னா உடனே ஆளைத் தேடாதே. முதல்ல எங்க நிக்குதுன்னு தேடு," என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆனால் நான் அதிகம் பெருமைப்படுவது வேறொரு நாளைப் பற்றி. அவளுக்குப் பதவி உயர்வு முடிவாகவிருந்த வாரம். ஜூரோங் கிளை ஒரு மணி நேரம் நின்றுபோனது. தொலைபேசி இணைப்புதான் காரணம் என்று மேலாளர் புகார் எழுதத் தொடங்கிவிட்டார். உண்மையில், அந்தக் கிளையின் இணைப்பைச் சோதித்து முடித்த பிறகும் மோடத்தை அவள் பழைய நிலைக்குத் திருப்பவில்லை; அது வந்த எழுத்துகளையெல்லாம் திருப்பியே அனுப்பிக்கொண்டிருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். சொல்லிவிடாதே என்று மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "நான்தான் சார். டெஸ்ட்டை எடுக்க மறந்துட்டேன்."

பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த "நான்தான் சார்". பின்னாளில் இரண்டு முறை அதைச் சொல்ல வேண்டி வந்தது. இரண்டு முறையும் எழுந்து நின்றுதான் சொன்னேன்.