முத்தலிப் மாமா முந்தி வந்த காலைகள்

இந்த மாதம் எனக்கு லிகிதர் நியமனம் வந்தது, அலுவலக எழுத்து வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இதற்காகவா படித்தேன் என்று முகத்தைச் சுளித்தேன். பிறகு கிண்ணியா முத்தலிப் மாமா நினைவுக்கு வந்தார், வெட்கமாகப் போயிற்று.

1957இல் வெள்ளைக்காரர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துப் போனார்கள். தளத்தின் கந்தோர்களில் மேல்பதவிகள் குறைந்தன. அப்பாவின் பிரதம லிகிதர் பதவியும் அதோடு போயிற்று. ஒன்றில் வீட்டுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் பண்டகசாலைக் கந்தோரில் சாதாரண லிகிதராக இறங்கவேண்டும். அந்தக் கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் முத்தலிப் மாமா, அப்பாவிடம் வேலை பழகியவர்.

பொறுப்பானவர் உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பது அங்கே வழக்கம்.

"நான் வேலை பழக்கின ஆளுக்கு எழும்பி நிக்க என்னால ஏலாது. நிக்கவேண்டி வந்தால் அண்டைக்கே வேலையை விடக் கடுதாசி குடுத்திட்டு வந்திடுவன்" என்றார் அப்பா.

"அப்ப பிள்ளையளின்ர படிப்பு? உங்கட ரோசத்தை அவிச்சுக் குடுக்கட்டோ?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டார்.

முதல் நாள் அப்பா போனபோது முத்தலிப் மாமா ஏற்கெனவே தன் கதிரையில் இருந்தார். அப்பாவைக் கண்டதும் அவர்தான் எழுந்தார்.

"வாங்க சேர்."

மறுநாளும் அப்படியே. பதினொரு வருடமும் அப்படியே. கிண்ணியாத் துறையைக் கடக்க முதல் படகைப் பிடித்து, எல்லாருக்கும் முந்தி வந்துவிடுவார். இடையில் வெளியே போனால் பின்கதவால் வந்து சத்தமில்லாமல் இருந்துவிடுவாராம்.

அப்பா கடுதாசி எழுதவில்லை. நான் தொடர்ந்து படித்தேன். ஆனால் இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கதைத்திருந்தால் கெட்டுப் போயிருக்குமோ? மாமாவின் இடத்தில் நான் இருந்தால் ஒரு கிழமையாவது இப்படி வந்திருப்பேனா? தெரியவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற நாளில், மேசைச் சாமான்களைத் தூக்கிவர தளத்து வாசல் அனுமதி எடுத்து என்னையும் கூட்டிப் போனார். லிங்கநகர் வீட்டிலிருந்து இருட்டோடு நடந்தோம். கந்தோரில் பியோன் ஜவாஹிர் மட்டும் கூட்டிக்கொண்டிருந்தார். அப்பா தன் கதிரையில் போய் இருந்தார்.

முத்தலிப் மாமா உள்ளே வந்தார். அப்பா எழுந்து நேராக நின்றார்.

"ஐயோ, இருங்க சேர்! என்ன வேலை இது?"

"பேசாமல் நில்லும் தம்பி. இண்டைக்கு நான்தான் முந்தி வந்தனான்."

முத்தலிப் மாமாவும் கதிரையில் இருக்கவில்லை, அப்பாவும் இருக்கவில்லை.

ஜவாஹிர் விளக்குமாற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பெரியாக்களும் நிண்டா நான் எப்பிடிக் கூட்டுற? இருங்களன்!"