மூன்றாவது சார்ஜிங் பின்

பழவங்காடியில் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த காலம். கரமனையில் வீட்டு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண், ஒரே மாதத்தில் மூன்றாம் தடவையாக வந்து நின்றாள். நான் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்த சார்ஜிங் பின், போர்டின் செம்பையும் பெயர்த்துக்கொண்டு தொங்கியது. என் வேலையைக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று ஆத்திரம் வந்தது. போனை மேஜையில் எறிந்தேன்.

"மாட்டுக் கயித்தை இழுக்கிற மாதிரி வயரை இழுத்தா பின் எப்படி நிக்கும்? அறிவு வேண்டாமா?"

அவள் முந்தானையைச் சற்று விலக்கினாள். கழுத்திலிருந்து முதுகுவரை தடித்த கோடுகள்.

"அடிக்கிறதுக்கு வயரை உருவுறப்ப அவரு போனைக் கழட்டுறதில்லண்ணா."

மறுநாள் போனை வாங்க அவள் புருஷன் வந்தான். "இந்தத் தடவையாச்சும் ஒறப்பா வச்சியாடே?" என்றான். மேஜையில் ஊன்றியிருந்த அவன் வலது கையில், காய்ந்துகொண்டிருந்த சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தினேன். தோல் கருகி நாறியது. போனைக்கூட எடுக்காமல் அலறிக்கொண்டு ஓடினான். பக்கத்துக் கடைக்காரர்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நானும் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் கழிந்தும் அந்தப் போனைக் கேட்டு அவள் வரவே இல்லை. அவனுக்கு இடது கையும் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.