எனியாஸின் இடது முழங்கால்

என் மனைவி லுயாண்டோவின் அண்ணன் எனியாஸ் சியாம்விந்தேயைப் போல உட்காரத் தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. சோளக்களியைக்கூட நின்றுகொண்டேதான் விழுங்குவான். பிங்கா ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடை வாசலுக்கும் மரத்தடிக்கும் இருபது தடவை நடப்பான். பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் வெளியே போய்க் கோயில் வேலியைச் சுற்றுவான். காட்டெருமை பாய்ந்து வந்தால் மட்டும் உட்கார்ந்துவிடுவான். அதுதான் அவனுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

எங்கள் வேட்டை முகாம் கரீபா ஏரிக்கரையிலிருந்து ஒரு நாள் நடை. அங்கே நான் தோல் உரிக்கிறவன். அவன் பதினேழு வருஷமாகத் தடம் பார்க்கிறவன். தடம் பார்க்கிறவன் முன்னால் நடப்பான், முகாம் முதலாளியான வேட்டைக்காரர் பாஸ் கூப்மன் பின்னால் வருவார். பாஸிடம் இருந்தது தடித்த குண்டு போடும் ஐந்நூறு எண் இரட்டைக்குழல் துப்பாக்கி, கைக்குழந்தை கனம். அதைத் தோளில் போட்டு, மட்டை பின்னாலும் வாய் முன்னாலுமாகக் குழலைப் பிடித்தபடி நடப்பதுதான் இந்தக் காட்டு வழக்கம். ஆக, கட்டைவிரல் நுழையும் அளவில் இரண்டு ஓட்டைகள் நாள் முழுக்க எனியாஸின் முதுகைப் பார்த்தபடி வரும். எருமை புதரைக் கிழித்துக்கொண்டு வந்தால் அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடப்பக்கம் ஒதுங்கி, இடது முழங்காலை மடக்கிக் குந்த வேண்டும். அவன் தலைக்கு மேலே பாஸ் சுடுவார். யோசித்துக் குந்துகிறவன் பிழைக்க மாட்டான். எனியாஸ் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வேட்டைக்காரர் உரிமம் வாங்கும் ஆசை வந்தது. எழுத்துத் தேர்வில் இரண்டாம் முறை தேறினான். குறிபார்த்துச் சுடுவதிலும் தேறினான். கடைசியாக, தேர்வாளரை வாடிக்கையாளராகப் பாவித்துக் காட்டுக்குள் கூட்டிப்போய் எருமை வேட்டை நடத்திக் காட்ட வேண்டும். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

"பதினேழு வருஷமா ரெண்டு ஓட்ட என் முதுகையே பாத்துக்கிட்டு வருது மாப்ள. சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அதுக்குப் பின்னாடி நான் நிக்கணும்."



பாஸ் தன் துப்பாக்கியையே பழகக் கொடுத்தார். வலக்குழலுக்கு முன்விசை, இடக்குழலுக்குப் பின்விசை. வலதில் மென்முனைக் குண்டு, இடதில் எலும்பைத் துளைக்கிற கெட்டிக் குண்டு. இடது கை விரலிடுக்கில் இன்னும் இரண்டு தோட்டாக்கள் தயாராக இருக்க வேண்டும். ஒன்றைச் சுட்டுவிட்டு இன்னொன்று இருக்கிறதே என்று சும்மா நிற்கக் கூடாது, உடனே திறந்து நிரப்ப வேண்டும். இதில் எனியாஸ் பேய். காலித் தோட்டா தோளுக்கு மேலே பறந்து தரையில் விழுவதற்குள் புதியது உள்ளே போயிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் இரண்டு மெழுகுவத்தித் துண்டுகளை விரலிடுக்கில் செருகிக்கொண்டு திரிவான். அண்ணனுக்குக் கையிலும் எறும்பு ஏறிவிட்டது என்று லுயாண்டோ திட்டினாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பழைய டயரில் எருமை முகம் வரைந்த அட்டையைக் கட்டி, கயிற்றை எனியாஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்து மரத்தில் சுற்றி, ஜீப்பால் இழுத்தோம். டயர் துள்ளிக்கொண்டு அவனை நோக்கி வந்தது. எனியாஸ் இடப்பக்கம் ஒதுங்கிக் குந்தினான். டயர் அவனைத் தாண்டிப் போயிற்று. துப்பாக்கி மடியில் கிடந்தது.

"யாரு சுடுவாங்கன்னு காத்திருக்க எனியாஸ்?" என்றார் பாஸ்.

அவன் நிஜமாகவே திரும்பிப் பார்த்தான். பின்னால் வெறும் புல்தான் இருந்தது.

பதினைந்து நாள் இழுத்தோம். கால்சட்டைக்குள் முழங்காலோடு சேர்த்து மோபேன் மரக்குச்சி வைத்துக் கட்டிவிட்டேன். குச்சி முறிந்தது, அவன் குந்தினான். அதன் பிறகு தற்செயலாக ஒன்று தெரிந்தது. அவனுக்கு முன்னால் இன்னொருவன் நின்று, டயர் வந்ததும் குந்தினால், இவன் நிற்கிறான். குந்துகிற வேலையை வேறொருவன் பார்த்துக்கொண்டான் என்று அந்த முழங்காலுக்குச் சமாதானமாகிறது போலும். காலித் துப்பாக்கியோடு பழகினோம், நான்தான் குந்தினேன். பத்துக்கு ஒன்பது முறை நின்றான். மற்ற தடம் பார்க்கிறவர்கள் வாடிக்கையாளர்களோடு போயிருந்ததால் தேர்வுக்கும் நானே முன்னால் நடப்பது என்று முடிவாயிற்று. அதுவரை நான் உயிரோடிருக்கிற எருமையை வண்டியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

தேர்வாளர் மஹாச்சி அதிகம் பேசாத மனிதர். அவர் கையில் நானூற்றைம்பத்தெட்டு எண் ஒற்றைக்குழல், அதன் குண்டு கொஞ்சம் மெலிந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு கிழட்டு ஒற்றை எருமையைக் கண்டுபிடித்தோம். எனியாஸ் அறுபது அடியில் வலக்குழலைச் சுட்டான். எருமை முதுகை வளைத்து, முட்புதருக்குள் புகுந்துகொண்டது. அவன் நிரப்பினான். கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும் என்றான். மரத்தைச் சுற்றி நடந்தான், மண்ணை அள்ளி விட்டுக் காற்றுப் பார்த்தான், மறுபடி நடந்தான். பிறகு ரத்தத்தைப் பின்பற்றி உள்ளே போனோம். என் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு ஓட்டைகள். எருமையைவிட அவற்றையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

எருமை பக்கவாட்டிலிருந்து வந்தது. நான் இடப்பக்கம் குந்தினேன். என் தோளோடு தோள் உரசியபடி இன்னொரு உடம்பும் குந்தியது. எனியாஸ்! குந்தியபடியே சுட்டான். உதையில் மல்லாந்து விழுந்தான். எருமை எங்களுக்கு மூன்று எட்டு முன்னால் மூக்கு மண்ணில் உழக் கவிழ்ந்தது.

ஒரே சத்தம்தான் கேட்டிருந்தது. ஆனால் மஹாச்சியின் துப்பாக்கியிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, மண்டையைத் திற என்றார். பிறகு எனியாஸிடம் சொன்னார்.

"மூளையில இருக்கறது உன் குண்டுன்னா நீ தேறிட்ட. என்னோடதுன்னா இல்ல. ஒரு வாடிக்கையாளர காப்பாத்த வாடிக்கையாளரே சுட வேண்டி வந்தா அது வேட்டையில்ல."

சொல்லிவிட்டு அவர் தள்ளிப்போய்ச் சிகரெட் பற்றவைத்தார். நான் கோடாலியை எடுத்தேன். எனியாஸ் எனக்கும் அவருக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தான்.  முதலில் கழுத்துச் சதையில் ஒரு குண்டு கிடைத்தது, தடியானது, அவனுடையது. கடவுளே, இன்னொன்றும் தடியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மண்டையைப் பிளந்தேன். மூளையில் கிடந்தது மெலிந்த குண்டு.

உரிக்கும்போது கிடைக்கிற குண்டுகளை வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். போன சீசனில் ஒருவர் மறந்துவிட்டுப் போன ஐந்நூறு எண் குண்டு என் மேலங்கிப் பையில் இருந்தது. கழுத்திலிருந்து எடுத்ததை மஹாச்சி கேட்டால் காட்ட வேண்டுமே என்று வேட்டைப் பையில் போட்டேன். பழையதை எடுத்து ரத்தத்தில் புரட்டினேன். மெலிந்ததை இடது கைக்குள் மூடிக்கொண்டேன். நான் யோசிக்கவே இல்லை, அவன் முழங்காலைப் போல என் கையும் தானாகச் செய்தது.

எனியாஸ் வந்து நின்றான். பழையதை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "உன்னோடதுதான் மச்சான்" என்றேன்.

அவன் அதைப் புரட்டினான். அடிப்பக்கப் பள்ளத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவன் கண்ணுக்கு அது தப்புமா?

"எந்த வருஷத்துக் குண்டு மாப்ள இது?" என்று மெதுவாகக் கேட்டான்.

 அவன் என் இடது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மெலிந்த குண்டை எடுத்தான். நேராக மஹாச்சியிடம் போய் நீட்டினான். "உங்களோடது ஐயா" என்றான். மஹாச்சி அதை வாங்கிக்கொண்டு, நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அவன் மேல் கோபமும் வந்தது. முட்டாள், கைக்கு வந்ததைத் தூக்கிக் கொடுக்கிறானே என்று வழி நெடுக மனசுக்குள் ஏசினேன். வண்டியில் ஏறும்போதுதான் அவன் பேசினான்.

"நான் காட்டுன தடத்த நம்பித்தான் பதினேழு வருஷமா ஆளுங்க பின்னாடி வந்தாங்க. இன்னிக்கி எனக்கே நீ தப்பா காட்டுற."

அடுத்த வருஷம் வரை அவன் எனியாஸாகவே இருந்தான். நடந்தான், மெழுகுவத்தியைச் செருகினான், டயரை இழுக்கச் சொன்னான். குந்தினால் தன்னையே அசிங்கமாக ஏசிக்கொள்வான். மறுபடி தேர்வு வந்தபோது என்னைத்தான் முன்னால் நடக்கக் கூப்பிட்டான். வேறு ஆளா கிடைக்கவில்லை என்று கேட்டேன். நீதான் நன்றாகக் குந்துகிறாய் என்றான்.

அதே மஹாச்சி. அந்த வருஷத்து எருமை காயத்தோடு ஓடையின் நாணலுக்குள் இருந்தது. அது நேராக என்னைப் பார்த்து வந்தது. நான் குந்தினேன். குந்திய கணத்திலேயே என் தோளில் அவன் உடம்பு உரசுமா என்று காத்தேன். உரசவில்லை. தலைக்கு மேலே இடி விழுந்தது, உடனே இன்னொன்று. காதடைத்துத் தலையைத் திருப்பினேன். காலித் தோட்டாக்கள் பின்னால் கல்லில் விழுந்ததைப் பார்க்கத்தான் முடிந்தது, கேட்கவில்லை.  இரண்டு கால்களும் கம்பம் நட்டதுபோல நின்றிருந்தன. கால்சட்டை மட்டும் படபடவென்று ஆடியது.

அவன் புதுத் தோட்டாக்களைப் போட்டு மூடினான். எருமையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், குழல் முனையால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். இமை ஆடவில்லை. என் கை பழக்கத்தில் கோடாலியைத் தேடியது. வேண்டாம் என்று மஹாச்சி தலையாட்டினார். தன் துப்பாக்கியைத் திறந்து, சுடாத தோட்டாவை வெளியே எடுத்து எனக்குக் காட்டினார்.

எனியாஸ் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் அடைத்த காதிலும் விழும்படி மஹாச்சியிடம் கேட்டான்.

"ஐயா, இப்ப நான் உக்காந்துக்கலாமா?"