கருவாட்டை எடுங்க

கண்டக்குழிக் கடற்கரை உப்புக்காற்று என் கார்ச் சில்லுகளை அரித்துவிட்டது. இன்று காலை துருவைத் தேய்த்துவிட்டு வெள்ளி நிறப் பெயிண்டை ஸ்பிரே பண்ணத் தொடங்கியதும், அந்த வாசம் என்னை வாப்பாவிடம் கொண்டுபோனது.

வாப்பா வேன் சில்லுகளுக்கு பிரஷால்தான் பூசுவார். டயரில் படாமலிருக்கத் தான் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றுவார். உம்மாவின் சோற்றுக் கரண்டியால் டின் மூடியை நெம்புமுன் வேலியருகே போய், பக்கத்து வீட்டு மாமியிடம், "ஜெமீலா, பெயிண்ட் அடிக்கப் போறேன். கருவாட்டை எடுங்க" என்பார்.

"பிரஷ்ல பூசுறது பறந்தா போகும், வாப்பா?" என்று நான் சிரிப்பேன்.

"வாசம் போகும்டா. கருவாடு அதைக் குடிச்சிரும்."

இந்த நினைப்போடு ஸ்பிரே டின்னைக் காலியாக்கிவிட்டு நிமிர்ந்தேன். வேலிக்கு அப்பால் ஜெமீலா மாமியின் பாயில் காய்ந்த சாளை மீன்கள், இப்போதுதான் வலையிலிருந்து கொட்டியதுபோல் பளபளத்தன. பதறிப்போய் டின்னும் கையுமாக வேலி தாண்டி, எல்லாவற்றையும் குப்புறப் புரட்டிப் போட்டேன். புரட்டினால் பெயிண்ட் போய்விடும் என்று என் மூளை அப்போது உறுதியாக நம்பியது.

மாமி வெளியே வந்தார். "பொரட்டிப் போட்டியா மகன்? உன்ட வாப்பாவும் இப்படித்தான், என்ட கருவாட்டில ஒரு கண். ராவைக்கு சோத்துக்கு ஆணம் ஆக்க உனக்கும் ஒரு பொதி கட்டுறேன்."



"மாமி, பெயிண்ட் அடிக்கப் போறேன். கருவாட்டை எடுங்க" என்றேன்.

மாமி என் கையிலிருந்த வெறும் டின்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு மீனைத் திருப்பினார்.