பெல் சரியில்லாத சைக்கிள்

எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் வாங்க ஐந்து நாள் ஆயிற்று. நான்கு நாள் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். அந்த நான்கு நாளும் முழுக்க முழுக்க என் சாமர்த்தியம் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. என் படிப்புக்காகப் புதுச்சத்திரத்திலிருந்து கிளம்பி, சேலத்தை ஒட்டியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிவந்திருந்தோம். பள்ளிக்கூடம் அஸ்தம்பட்டிப் பக்கம். காலை நேரத்து டவுன் பஸ்ஸில் நான் ஏறுவதற்குள் என் புத்தகப்பை ஏறிவிடும், பை ஏறினால் நான் கீழே நிற்பேன். இது சரிப்படாது, சைக்கிள்தான் வழி என்று முடிவாயிற்று.

அப்பா சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர ஒன்றரை மாதமாகும். வந்தால் மூன்று நாள் இருப்பார். முதல் நாள் தூங்குவார், இரண்டாம் நாள் முடிவெட்டிக்கொள்வார், மூன்றாம் நாள் பையைத் தூக்கிவிடுவார். எனக்குக் கிடைத்த அப்பா அவ்வளவுதான். அவர் போன பிறகு கொடியில் தொங்கும் காக்கிச் சட்டையைத் துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போடுவேன். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

அந்தத் தடவை வந்து இறங்கியதுமே, "பாப்பாவுக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டுத்தான் இந்தவாட்டி வண்டி ஏறுவேன்" என்றார்.

"அதையாவது செய்ங்க" என்றாள் அம்மா.

எனக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி காதில் விழுந்தது. சைக்கிள் வாங்கினால்தானே வண்டி ஏறுவார்? வாங்காவிட்டால்? இத்தனை சுலபமான வழி இதுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் நாள் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் முன்னால் கூடை வைத்த ரோஸ் நிறச் சைக்கிள் ஒன்றை எடுத்து வெளியே விட்டார். அப்பா அதை லாரியைப் பார்ப்பது போலவே பார்த்தார். குனிந்து டயரை விரல் முட்டியால் தட்டினார். பிரேக்கைப் பிடித்துத் தள்ளினார். பின்பக்கம் உட்கார்ந்து சிவப்பு ரிப்ளெக்டரைத் துடைத்தார்.

"நம்மூட்டுக்குப் போற ரோடு மலையடிவாரம் சாமி. காலையில எறக்கம், சாயங்காலம் ஏத்தம். போறப்பப் பிரேக் நிக்கோணும், வாறப்ப மிதி லேசா இருக்கோணும். மழைக்கு மட்கார்டு, பாவாடை சிக்காம இருக்கச் செயின் கவரு. கூடையெல்லாம் சும்மா அழகுக்கு" என்றார். பிறகு ரிப்ளெக்டரைக் காட்டி, "எங்களாட்ட லாரிக்காரன் கண்ணுக்கு நீ தெரியோணுமல்ல" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்து, சீட் உயரம் என்றேன். இறக்கினார்கள். ஹேண்டில் எட்டவில்லை என்றேன். உண்மையில் நன்றாகவே எட்டியது. முதுகைப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் நடித்தேன். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தால், அவரோ கடைக்காரரிடம், "ஆமாங்க, கை எட்டலீங்க. பிரேக்கும் கொஞ்சம் கெட்டியா இருக்குது" என்று எனக்குச் சாட்சி சொன்னார். இவ்வளவு ஏமாளியாக இருந்துகொண்டு வெளி மாநிலமெல்லாம் எப்படித்தான் போய் வருகிறாரோ என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் வேறு கடை. சைக்கிள் கனம். அதற்கு மறுநாள் மிதித்தால் கிரீச் என்கிறது. நான்காம் நாள் ஒரு குறையும் கிடைக்கவில்லை. பச்சை நிறம் எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நாளும் திரும்பும் வழியில் ஆளுக்கொரு தட்டுவடை செட் வாங்கித் தின்போம். காரத்தில் எனக்கு மூக்கு ஒழுகும், அப்பா தன் துண்டால் துடைத்துவிடுவார். காலையில் டவுன் பஸ்ஸில் என்னோடு பள்ளி வாசல் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் பஸ் டிரைவர் பிரேக் போடும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மற்ற பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நான் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே நேரம் கடத்துவேன். மணி அடித்த பிறகுதான் விடுவேன்.

லாரி ஆபீஸிலிருந்து தினமும் போன் வரும். அப்பா சந்துக்குப் போய்ப் பேசுவார். "பாப்பாவுக்குச் சைக்கிள் இன்னும் அமையலீங்க. நாளைக்கு வந்தர்றனுங்க" என்பார். ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அம்மாதான் ஒரே இடைஞ்சல். "ஒரு சைக்கிளுக்கு இத்தன நாளா? அப்பனும் மவளும் மாப்பிள்ளை பாக்கறாப்லல்ல பண்றீங்க" என்று தினமும் கரித்துக் கொட்டினாள். ஐந்தாம் நாள், "நானே வந்து முடிச்சுட்டு வாரேன்" என்று தலையை வாரிக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள். போச்சுடா என்று நினைத்தேன்.

ஆனால் அன்றைக்குக் காரியத்தைக் கெடுத்தது அம்மா இல்லை. கடை வாசலில் அப்போதுதான் பாகங்களை மாட்டி முடித்த ஒரு சைக்கிள் நின்றது. கருநீலம். மட்கார்டு ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளிக் கோடு. ஏறி உட்கார்ந்தேன், கால் தரையில் பதிந்தது. கடையை ஒட்டிய சந்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மிதி பூப்போல இருந்தது, பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. அவ்வளவுதான், நான் எதற்காக நான்கு நாள் நடித்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"சீட்டு ஒசரமா இருக்குதா சாமி?" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா."

"ஹேண்டிலு?"

"எட்டுதுங்கப்பா."

"ஏத்தத்துல மிதிக்க முடியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்கு எரிச்சலாக வந்தது. "எல்லாம் சரியா இருக்குதுங்கப்பா, இதே போதும்" என்றேன்.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். வாழ்நாளில் சைக்கிள் ஓட்டியறியாதவள் பெல்லை ஒருதரம் அடித்தாள். காதைக் கிட்டே வைத்து இன்னொருதரம் அடித்தாள். "பெல்லு சரியில்லீங்க. சத்தம் அமுங்குது. நாளைக்கு வேற கடையில பாத்துக்கலாம்" என்றாள்.

"அக்கா, அஞ்சு நிமிஷத்துல வேற பெல்லு மாத்தித் தர்றனுங்க" என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க. நாளைக்கு வாரோம்."

எனக்கு வந்ததே கோபம்! அம்மாவுக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்தப் பெல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, பில்லப் போட்ருங்க" என்றார் அப்பா.

மறுநாள் காலை அவர் பையோடு வீட்டைவிட்டு இறங்கியபோது நான் தெருவில் பெல் அடித்தபடி பறந்துகொண்டிருந்தேன். "கைய உட்டு ஓட்டாத சாமி" என்றார். கையை விட்டே ஓட்டிக் காட்டினேன். தெருக்கோடி வரை போய்த் திரும்பியபோது பஸ் கிளம்பிவிட்டிருந்தது. அம்மா மட்டும் ரோட்டோரம் நின்றிருந்தாள். பஸ் மறைந்த பிறகும் நின்றாள். கிட்டே போய்ப் பெல்லை அடித்துக் காட்டினேன். "போதும், அடிக்காத" என்றாள். பெல் விஷயத்தில் தோற்றுவிட்ட ஆற்றாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. போன மாதம் ஆபீஸ் போய்வரச் சைக்கிள் வாங்கப் போனேன். கடைப் பையன் கியர், டிஸ்க் பிரேக் என்று அடுக்கினான். நான் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினேன், மிதித்துப் பார்த்தேன், ரிப்ளெக்டரைத் துடைத்தேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கடைசியாகப் பெல்லை அடித்தபோதுதான் கை நின்றது.

அன்று சாயங்காலம் போனில் அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பழைய சைக்கிள் பெல்லுக்கு என்ன கேடு என்று. அப்பாவுக்கு முட்டிவலி வந்து லாரியை விட்டு நாலு வருஷமாகிறது. பக்கத்தில் அவர் இருமும் சத்தம் கேட்டது.

அம்மா சிரித்தாள். "பெல்லுக்கு என்ன கேடு, நல்லாத்தான் இருந்துச்சு. நாலு நாளு நீ குத்தஞ் சொன்ன. அஞ்சாம் நாளு மறந்துட்ட. உங்கப்பாவும் மூணு தடவ எடுத்துக் குடுத்தாரு, நீ புடிச்சுக்கல. அதான் நான் சொல்லிப் பாத்தேன்."

பதினோரு வயதில், அந்த வீட்டில் அப்பாவுக்காக ஏங்குவது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.