கப்பலில் போய்வந்த வீட்டுப் பத்திரம்

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவையும் அம்மாவையும், நாற்பதாவது கல்யாண நாளுக்கு அந்தமான் கப்பலில் அனுப்ப நினைத்தேன். கடைசிவரை சொல்லாமல் அசத்த வேண்டும் என்று ஆசை.

டிராவல்ஸ்காரர் தந்த விண்ணப்பத்தில் இருவர் கையெழுத்தும் தேவைப்பட்டது. மேல்பகுதியைச் செய்தித்தாளால் மறைத்து, "இங்க மட்டும் போடுங்கப்பா" என்றேன்.

"என்னலே இது?"

"பொறவு சொல்றேன்."

இருவரும் போட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் உள்ளே வந்தாலே அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். பீரோச் சாவி அப்பாவின் இடுப்புக்குப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதுபவரை அவர் இரண்டு முறை பார்த்து வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

கல்யாண நாளன்று டிக்கெட்டை நீட்டினேன்.

"இதுக்குத்தானா கையெழுத்து? நீ வீட்ட எழுதி வாங்கிட்டியோன்னுல்ல நெனச்சோம்!" என்று அம்மா அழுதுவிட்டார். அப்பா டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் தீர்ந்தது என்று வழியனுப்பினேன். அவர்கள் திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரித்தால், வேட்டிகளுக்கு அடியில் வீட்டுப் பத்திரம்.

"அவிய இத விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாவ" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அதன்பிறகு கேஸ் சிலிண்டர் ரசீதாக இருந்தாலும், முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அப்பாவிடம் பேனாவைக் கொடுப்பேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானும் ஒருமுறை வாசிப்பார்.