அச்சில் ஏறாத அம்புக்குறி

இப்போதெல்லாம் கணினியில் இரண்டு சிறுகோடு தட்டி, பக்கத்தில் ஒரு கூர்மூக்குக் குறியை வைத்தால் போதும். அதுவே புரிந்துகொண்டு அழகான அம்புக்குறியாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. கேட்காமலே செய்கிறது. ஓர் அம்புக்குறி கிடைக்காததால், அதாவது கிடைக்கவில்லை என்று நான் விட்டுவிட்டதால், பழவேற்காட்டு ஏரியில் ஒருவன் வலை கட்டும் உரிமையை இழந்தான்.

எங்கள் குப்பத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களில் எவன் எந்த நாள் வலை கட்டலாம் என்பது வீட்டு வரிசைப்படி சுற்றி வரும். வரிசையில் பெயர் இருந்தால் வலை கட்டலாம். இல்லாவிட்டால் கரையில் நின்று காற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். எழுபதுகளின் கடைசியில் அந்த வரிசையை எழுதிவைக்கும் நோட்டு என் கைக்கு வந்தது. பி.யு.சி.யில் வேதியியலில் தோற்றுத் திரும்பியவன் நான். ஊர்க் கணக்குப்படி அதுவே பெரிய படிப்பு.

வேதியியலிலிருந்து நான் கரையேற்றிய ஒரே சரக்கு அம்புக்குறி. யாராவது வெளியூர் போனாலோ படுக்கையில் விழுந்தாலோ தன் பாட்டைப் பங்காளியிடம் விட்டுப்போவான், திரும்பியதும் வாங்கிக்கொள்வான். அதுவரை இதை ஊரே நினைவில் வைத்திருந்தது. நான் வந்து நாகரிகப்படுத்தினேன்: உரியவன் பெயர், சிவப்பு மையில் ஓர் அம்பு, இப்போது வலை கட்டுகிறவன் பெயர். எழுத்து தெரியாதவர்களும் அதைப் படித்தார்கள். "தோ, வால் பக்கம் கீறவன்தான் சொந்தக்காரன்" என்று எனக்கே விளக்கினார்கள். திரும்பி வரக்கூடிய வினைக்கு எதிரெதிராக இரண்டு அம்பு போடவேண்டும் என்ற கேள்வியில்தான் நான் தோற்றேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் என் பள்ளித் தோழன் அந்தமானுக்குப் படகு வேலைக்குப் போனான். தன் பாட்டைத் தன் சித்தப்பா மகனிடம் விட்டான். நான் அம்பு போடும்போது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"நல்லா பெருசா போடு மச்சான். நான் வர்றதுக்குள்ள கரையான் அரிச்சிடப் போவுது."

"உன்னத்தான் அரிக்கும், அம்ப அரிக்காது. போடா" என்றேன்.

இரண்டு மூன்று வருடத்தில் நோட்டு நைந்துபோனது. பட்டணத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாரிமுனைக்குப் பஸ் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தக் குளிர்ந்த அறைக்குள் போகவேண்டும். நானும் சந்நிதிக்குள் போவதுபோலத்தான் போனேன். அடித்துக்கொண்டிருந்த பெண் அம்பு வந்ததும் நிறுத்தினாள்.

"இது இன்னா சார்?"

"அம்பு."

"இந்தத் தமிழ் எழுத்துல அம்புலாம் இல்ல சார். அப்பறமா கையால போட்டுக்குங்க. இல்லன்னா ரெண்டுல எந்தப் பேரு வேணும்னு சொல்லுங்க."

கையால் போட்டிருக்கலாம். மொத்தம் மூன்று அம்புகள். ஒரு சிவப்புப் பேனா. ஆனால் அச்சு அத்தனை சுத்தமாக இருந்தது. அதன்மேல் என் கோணல் கையை வைக்க மனம் வரவில்லை. வலை கட்டுகிறவன் பெயரே போதும் என்றேன். அதோடு நிற்காமல், அடியில் ‘இப்பட்டியலே இறுதியானது’ என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. பெருமை தலைக்கேறியதில் நோட்டை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து அம்மன் கோயில் சுவரில் ஏறியது. பக்கத்துக் குப்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மற்ற இரண்டு அம்புக்காரர்களும் ஊரிலேயே இருந்ததால் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். மறுவருடம் தோழன் திரும்பி வந்து பாட்டைக் கேட்டான். ஊர் கூடியது.

சித்தப்பா மகன் சுவரைக் காட்டினான். "தோ பாரு, கம்ப்யூட்டர்லயே எம் பேருதான் கீது. இதுக்கு மேல இன்னா?"

"டேய், என் கையிலேர்ந்து வாங்கிக்கினியா இல்லியா, அத சொல்லு."

"வாங்கிக்கினேன். அப்பால நீ வுட்டுட்டன்னுதான ஊரு இப்டி எழுதிக்கீது?"

பெரியவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். "இன்னாபா, நீதான எழுதினவன். அம்பு இருந்துச்சா?"

இருந்தது. ஒரே சொல். சொன்னால் சட்டத்தைக் கழற்றவேண்டும். "நோட்ட பாத்துத்தான் சொல்லணும்" என்றேன். மறுநாள் பாரிமுனைக்குப் போனேன். பழைய தாள்களோடு தாளாக எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இப்படித்தான் இருக்கும் என்று போகும்போதே எனக்குத் தெரியும். ஊர் சுவரை நம்பியது.

அந்தப் பருவம் முழுக்க அவன் சித்தப்பா மகனின் படகில் கூலிக்குப் போனான், தன் பாடு வரும் நாட்களிலும்கூட. பிறகு மறுபடி அந்தமானுக்குக் கிளம்பினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான்.

"என் கண்ண பாத்து சொல்லு மச்சான். அம்பு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"சரி வுடு. எனக்குத்தான் புத்தி பெசகிடுச்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு பட்டணத்துப் பக்கம் போகும் லாரியில் ஏறிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்துச் சட்டத்தைக் கழற்றி, சித்தப்பா மகன் பெயருக்கு முன்னால் அவன் பெயரை எழுதி, சிவப்பு மையில் அம்பு போட்டு, திரும்ப மாட்டினேன். கோடு கோணல்தான். ஊரில் ஒருவரும் தடுக்கவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது அந்த வேலை. சித்தப்பா மகன் மட்டும் ஈர வலையோடு வந்து கண்ணாடியருகே நின்று பார்த்தான்.

"போனவன் திரும்பி வரமாட்டான். இப்ப இன்னாத்துக்கு இது?" என்றான்.

அவன் சொன்னபடியே தோழன் வரவில்லை.